நாய் தொடாத ஈரல்

வினோதாவின் மடியில் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. போத்தலுக்குள் ஒரு புழு இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் வீதியின் ஒவ்வொரு குழியிலும் த்ரீவீலர் விழுந்து எழும்ப, புழுவும் கூடவே விழுந்து எழும்பியது.

“சார், இதை நீங்க வச்சுக்கங்களேன். உங்க சட்டைப்பை சும்மாதானே கெடக்கு.”

குணரத்தினம் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். “அது செத்துப்போச்சு வினோதா. உம்மை ஒண்டும் செய்யாது.”

“செத்தது தெரியும் சார். அதுக்குத் தெரியுமான்னுதான் தெரியல.”

ஹட்டன் டவுனில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது குணரத்தினத்தின் துப்பறியும் நிலையம். மனுசன் யாழ்ப்பாணத்துக்காரர். காப்புறுதிக் கம்பனியில் இருபத்தாறு வருடம் பொய் விபத்து, பொய்த் தீ, பொய்ச் சாவு எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். உண்மை சொல்லுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரும். வினோதா அவருடைய உதவியாளர். முப்பத்துநான்கு வயது, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வாய் மட்டும் இல்லாவிட்டால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவளுடைய அம்மாவே சொல்லுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் பிரேமினி என்ற பெண், இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு மாடியேறி வந்திருந்தாள். மஞ்சக்கல் தோட்டத்துத் தலைவர் பொன்னையாவின் மருமகள். வெள்ளிக்கிழமை அவர்கள் தோட்டத்தில் முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டு. கறியை ஆக்கியவள் ஜீவராணி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஒன்பது வருடமாகச் சமைக்கிறவள். சாப்பாடு முடிந்த கையோடு ஆறு ஆம்பிளைகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார்கள். தும்மல், வாந்தி, தொண்டை வீங்கிப் பேச்சு வராத நிலை. ஆறு பேரும் இப்போது ஆஸ்பத்திரியில். ஜீவராணிதான் கறியில் விஷம் கலந்தாள் என்று தலைவர் சொல்லுகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். அதில் கை தூக்கினால் அவளுக்கு வேலையும் இல்லை, லயத்துக்காம்பராவும் இல்லை. பிறகு பொலிசும் வரும். ஊர் என்ன சொல்லுதோ அதுதான் என்று தோட்டத்து மேனேஜரான துரையும் கையை விரித்துவிட்டார்.

“நாளைக்குத் திங்கக்கெழமை. எம்புள்ளையை அந்தக்கா கையில குடுக்கலாமா கூடாதா? எனக்கு அதுமட்டும் தெரியணுங்க” என்று பிரேமினி கேட்டிருந்தாள். தான் வந்தது மாமனாருக்குத் தெரியக்கூடாது என்றும் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ரோகினி இவர்களிடம் காட்டியதுதான் இந்தப் போத்தல். ஆறு பேரில் ஒருவனான சோலைமலையின் தொண்டையிலிருந்து எடுத்தது. அரிசிமணி அளவு, வெள்ளை, தட்டை, வாயைச் சுற்றி நாலு கொக்கி. நாக்கு மாதிரி இருப்பதால் நாக்குப்புழு என்று பெயராம். இந்தச் சாதியில் சிலது பாம்பின் நுரையீரலில் குடியிருக்கும், சிலது நாயின் மூக்கில் குடியிருக்கும், குஞ்சுகள் வேறு மிருகங்களின் உடம்புக்குள் காத்துக் கிடக்கும். இது எந்த வகை என்று கேட்டுப் பேராசிரியர் ஒருவருக்குப் படம் அனுப்பியிருக்கிறாராம். ஒன்று மட்டும் நிச்சயம் என்றார் டொக்டர். எடுக்கும்போது புழு உயிரோடு நெளிந்தது. ஒரு கொதி கண்டிருந்தால் அது செத்திருக்கும்.

சோலைமலையிடம் என்ன சாப்பிட்டாய் என்று வினோதா கேட்டாள். அவனுக்குப் பேச்சு வரவில்லை. கண்ணில் மட்டும் பொலபொலவென்று தண்ணீர் வந்தது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் கறியும் சோறும் என்றுதான் சைகை காட்டினார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரிக் காட்டியது குணரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை.

“காப்புறுதியில ஒரு விஷயம் கண்டனான். உண்மை சொல்லுற அஞ்சு பேர் அஞ்சு மாதிரிச் சொல்லுவினம். பொய்தான் ஒரே மாதிரி வரும்.”

அதற்குள் த்ரீவீலர் மஞ்சக்கல் தோட்டத்து லயத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

ஜீவராணியின் காம்பராவில் ஒரு பை பாதி அடுக்கியபடி இருந்தது. கூட்டம் நாலு மணிக்கு, தீர்ப்பு இன்னும் வரவில்லை, இவளோ சேலையை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வினோதாவுக்குச் சுருக்கென்றது. தப்புச் செய்யாதவள் எதற்கு மூட்டை கட்டுகிறாள்? நாற்பது வயதுக்காரி, ஒடிசலான உடம்பு, இரண்டு நாளாகத் தூங்காத கண். அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை.

“நான் விஷம் வைக்கலீங்க. அதுக்கு மேல எங்கிட்ட எதையும் கேக்காதீங்க” என்றாள்.

குணரத்தினம் கேட்காமல் இருப்பாரா? கறி எவ்வளவு நேரம் கொதித்தது என்று கேட்டார். இரண்டு மணி நேரம், கிழட்டுக் கிடா, சீக்கிரம் வேகவில்லை என்றாள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றார். லயத்துச் சனம் எல்லாம், நூற்றைம்பதுக்குக் குறையாது. ஆட்டில் என்னென்ன அவள் கைக்கு வந்தது என்றார். தொடை, நெஞ்சு, முதுகு, குடல், தலை என்று விரல் மடக்கியவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஈரல்?”

“அது சாமிக்குப் போறதுங்க. ஆம்பளைங்க சுட்டுப் படைப்பாங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

கேட்ட கேள்விக்கு இவ்வளவு பதில் தேவையில்லை. வினோதா குணரத்தினத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது காதைத் தீட்டி வைத்திருந்தார். இரண்டு பேரும் எழும்பியபோது ஜீவராணி தன்பாட்டுக்குச் சொல்லுகிற மாதிரி ஒன்று சொன்னாள். சாமி தண்டிச்சா பொறுத்துக்கத்தான் வேணும் என்றாள்.

வெளியே வந்ததும் வினோதா பொரிந்து தள்ளினாள். “சார், இந்தம்மா எதையோ மறைக்குது. விஷம் வைக்கல, சரி. ஆனா கையும் சுத்தமில்ல.”

“ஓம். எல்லாருமே எதையோ மறைக்கினம். அது எல்லாம் ஒரே சாமானோ எண்டுதான் எனக்கு யோசனை.”

தலைவர் பொன்னையாவின் வீடு லயத்துக்கு எதிர்ப்பக்கம் தனியாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து விசாரிக்க வந்ததாகத்தான் குணரத்தினம் சொல்லிக்கொண்டார். வாசலில் செம்பட்டை நிற நாய் ஒன்று இவர்களைப் பார்த்துக் குரைக்க வாயைத் திறந்தது, ஆனால் குரைப்பு வரவில்லை, தும்மல்தான் வந்தது. தலையைச் சிலுப்பிக்கொண்டு இன்னும் மூன்று தும்மல் போட்டது. தேநீர் கொண்டுவந்த பிரேமினி இவர்களை முன்பின் பார்த்தேயிராத முகத்தோடு கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள். என்ன நடிப்புடா சாமி என்று வினோதா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

பொன்னையா கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். கூட்டத்தில் அவர் பேசினால் மூன்றாவது மலைக்குக் கேட்கும் என்பார்கள். இன்றைக்கோ குரல் கீச்சென்று வந்தது. திருவிழாவில் கத்தியதும் பனியும் சேர்ந்து தொண்டையைக் கட்டிவிட்டதாம்.

“நாய்க்கும் பனியாங்க தலைவரே?” என்று வினோதா அக்கறையாகக் கேட்டாள்.

அது ஆறு மாசமாக அப்படித்தான் தும்மிக்கொண்டு திரிகிறது என்று அவர் சலித்துக்கொண்டார். பிறகு புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஜீவராணி வைத்தது விஷம் இல்லையாம், அதைவிடக் கேவலமாம். டொக்டர் போனில் பாம்பு, பாம்பு என்று பேசியதை ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் காதால் கேட்டானாம். தொண்டையில் எடுத்தது பாம்புக்குள் இருக்கிற புழுவாம். போன மாதம் ஜீவராணியின் காம்பராவுக்குப் பின்னால் ஒரு மலைப்பாம்பை அடித்தார்கள். அந்தப் பாம்பைத்தான் அவள் வெட்டிக் கிடாக்கறியோடு கலந்துவிட்டாள். இதைத்தான் கூட்டத்தில் சொல்லப்போகிறாராம்.

அடித்த பாம்பை என்ன செய்தீர்கள் என்று குணரத்தினம் கேட்டார். அன்றைக்கே தன் மகன் குழி தோண்டிப் புதைத்தான் என்று பொன்னையா ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார்.

“ஒரு மாசம் மண்ணுக்குள்ள கெடந்த பாம்பையா தலைவரே? அதை அடுப்புல ஏத்தியிருந்தா, சாப்பிடுறதுக்கு முன்னாடியே ஊரு ஹட்டன் வரைக்கும் ஓடியிருக்குமே” என்றாள் வினோதா.

பொன்னையாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மிடறு தேநீரை விழுங்கப் பார்த்தார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாதியைக் கோப்பைக்குள்ளேயே விட்டார். நீங்களும் கறி சாப்பிட்டீர்களா என்று குணரத்தினம் விசாரித்தார். எல்லாரையும் போலச் சட்டிக்கறிதான் என்றார். கிடா எங்கே வாங்கியது? வாங்கவில்லை, நேர்த்திக்காக விட்டது, ஒன்றரை வருடம் இந்த வாசலில்தான் கட்டி நின்று மேய்ந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் பொன்னையாவின் குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

முனியாண்டி கோயில் என்றால் கோபுரமும் மண்டபமும் இல்லை. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய மரம், அடியில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் நாலு வேல். படையல் வைத்தபின் மூன்று நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். சாமி வந்து சாப்பிடுகிற நாட்கள். கண்ணில் புரை விழுந்த பூசாரி இராமையா இலையைப் போட்டுச் சூடம் கொளுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவார். பின்னால் ஊரே இறங்கிவிடும்.

குணரத்தினத்துக்கு அந்தக் கவலை இல்லை. வினோதாவுக்கு இருந்தது. செருப்பைத் தூரக் கழற்றி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி கோவிச்சுக்காத, வேலையா வந்திருக்கோம் என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பக்கத்தில் போனாள். தலைவர் வீட்டு நாயும் தும்மிக்கொண்டே பின்னால் வந்திருந்தது.

வாழையிலை காய்ந்து சுருண்டு கிடந்தது. சோறு இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. காக்கையும் கீரியும் வழித்துத் துடைத்திருந்தன. சுருட்டு மட்டும் நனைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், கைப்பிடி அளவில், கருஞ்சிவப்பாக ஒரு கட்டி.

“சாமிக்கு வச்ச ஈரல்” என்றாள் வினோதா.

நாய் இலையை நக்கியது. சுருட்டை மோந்தது. ஈரலிடம் வந்தது, மோந்தது, அதன் மேலேயே ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் போய் மரத்தடியில் படுத்துக்கொண்டது.

குணரத்தினம் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். “ரெண்டு நாள். காகம் தொடேல்லை, கீரி தொடேல்லை. நாய் ஈரலை விட்டிட்டுப் போகுது. என்ன சாதி ஈரல் இது?”

வினோதா ஒரு குச்சியை எடுத்துக் கட்டியைப் பிளந்தாள். மேலே கரியும் மிளகாய்த்தூளும். உள்ளே சிவப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. நுவரெலியா மாவட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்குக்கூட அந்த வளையம் தெரியும்.

“சார், இது பீட்ரூட்டு.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சாமிக்கு முன்னால் நின்று இதைச் சொல்லலாமோ கூடாதோ என்று அவளுக்கே தெரியவில்லை. முனியாண்டிக்குப் போகவேண்டிய ஈரலை மனுசன் வாயில் வைப்பதென்றால் அது சின்ன விஷயமா? குடும்பத்தோடு ஒதுக்கிவைத்துவிடுவார்கள். கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்க வரமாட்டார்கள்.

மரத்துக்குப் பின்பக்கம் சாம்பல் கிடந்தது. சாம்பலுக்குப் பக்கத்தில் காலிச் சாராயப் போத்தல் இரண்டு, துணியில்லாத பழைய குடையின் எலும்புக்கூடு ஒன்று. குடைக் கம்பிகளைப் பிடுங்கி இறைச்சி குத்திச் சுட்டிருக்கிறார்கள். கரி பிடித்த கம்பிகளை வினோதா எண்ணினாள். ஏழு. எட்டாவது கம்பி இன்னும் குடையிலேயே இருந்தது.

“ஆஸ்பத்திரியில ஆறு பேர்தானே சார் இருக்காங்க. ஏழாவது கம்பிக்காரர் யாரு?”

“மப்ளர் கட்டின ஒருத்தர்” என்றார் குணரத்தினம்.

அங்கிருந்தே டொக்டருக்குப் போன் போட்டார். பேராசிரியரின் பதில் இப்போதுதான் வந்ததாம். பாம்பு வகை இல்லை, நாய் மூக்கு வகை. நாய் தும்மினால் முட்டை புல்லில் விழும். அந்தப் புல்லை மேய்கிற ஆட்டின் ஈரலில் குஞ்சு போய்க் காத்திருக்கும். ஈரலை வெந்தும் வேகாமலும் தின்றால் தின்றவன் தொண்டையில் கொக்கி போடும். இன்னொன்றையும் டொக்டர் அழுத்திச் சொன்னார். ஊரில் வேறு யாருக்காவது இப்படித் தொண்டை வீங்கினால் உடனே அனுப்ப வேண்டும். மருந்துக்கு அடங்கும், ஆனால் மறைத்து வைத்திருந்தால் வீக்கம் மூச்சை அடைத்துவிடும்.

வினோதா பீட்ரூட்டின் பாதியைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு மடல், நடுவில் ஒரு பள்ளம், ஓரம் சீவிவிட்ட மாதிரி மெல்லிசு. அப்படியே ஆட்டீரல்தான். சாராயம் உள்ளே போனவன் வெட்டிய வெட்டு இல்லை இது. தினமும் கத்தி பிடிக்கிற கை வெட்டியது. அதை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினாள்.

ஜீவராணியின் பை இப்போது முழுக்க அடுக்கியாகிவிட்டது. வினோதா பீட்ரூட்டை அவள் முன்னால் வைத்தாள். ஜீவராணி அதைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. வெள்ளிக்கிழமை சோலைமலை ஓடிவந்து அவள் காலில் விழாத குறை. ஒரு துண்டு ருசி பார்க்கலாம் என்று தொடங்கி, ஏழு பேரும் பாதி வெந்ததும் வேகாததுமாக ஈரலை முடித்துவிட்டார்கள். பூசாரி கீழே இருந்து கூப்பிடுகிறார். இலை வெறுமையாகப் போனால் பூசை நின்றுவிடும், ஏழு வீடும் ஊரில் தலை நிமிர முடியாது. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த பீட்ரூட் அவள் கண்ணில் பட்டது. வெட்டி, தூள் தடவி, சுட்டுக் கொடுத்துவிட்டாள். அவளுடைய புருசன் செத்த வருசம் கூரைத்தகரம் பறந்தபோது மழையில் ஏறிக் கட்டியவன் சோலைமலை. இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அப்ப தலைவருக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உங்க மேல பழி போடுறாரு” என்றாள் வினோதா.

“அவரு பயந்துபோயி கெடக்காருங்க. நானும்தான். சாமியை ஏமாத்துனது அவங்க இல்ல. தின்னவங்க பசியில, போதையில தின்னாங்க. தெளிவா இருந்து வெட்டி வச்சவ நான். அதுக்குத்தான் சாமி அவங்க தொண்டையில புழுவை விட்டுட்டாரு. நான் போயிடுறேன். ஈரல் கதையை மட்டும் கூட்டத்துல சொல்லிறாதீங்க. ஏழு வீட்டுலயும் கல்யாணத்துக்கு நிக்கிற கொமருக இருக்கு.”

இத்தனை நாளில் வினோதா எத்தனையோ பொய்களைப் பார்த்திருக்கிறாள். அடுத்தவர் மானத்துக்காகத் தன் வாயில் தானே பூட்டுப் போட்டுக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கு மூட்டையும் கட்டிய ஒருத்தியை இப்போதுதான் பார்த்தாள். காலையில் இவள் கை சுத்தமில்லை என்று சொன்னதற்காகத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஜீவராணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்தப் புழு ஆட்டுக்குள்ள போயி எத்தனையோ மாசம் ஆச்சு. தலைவர் வீட்டு நாயி தும்முன தும்மல்ல போனது. அப்ப நீங்க பீட்ரூட்டு வாங்கக்கூட இல்ல. முனியாண்டிக்குக் கோவம்னா, வெட்டி வச்ச உங்களைத்தானே மொதல்ல புடிச்சிருக்கணும்? உங்களுக்கு ஒரு தும்மல்கூட வரலியே.”

ஜீவராணி பீட்ரூட்டைப் பார்த்தாள், வினோதாவைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

குணரத்தினம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தங்கச்சி, நான் ஈரல் எண்ட சொல்லை வாயில எடுக்க மாட்டன். ஆனா நீங்கள் கூட்டத்துக்கு வரவேணும்.”

நாலு மணிக்குத் தோட்டத்து மைதானம் நிறைந்துவிட்டது. மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பொன்னையா கதிரையில் உட்கார்ந்து, மப்ளருக்கு மேல் இன்னொரு துவாயும் சுற்றியிருந்தார். பாம்புக்கறிக் கதை அதற்குள் எல்லாக் காதுக்கும் போய்விட்டது. ஜீவராணி வந்து ஓரமாக நின்றதும் அவளைச் சுற்றி இரண்டு ஆள் நீளத்துக்கு இடம் காலியானது. ஒன்பது வருடம் அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகளைத் தாய்மார் இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டார்கள். வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவர் எழும்ப முன்னம் குணரத்தினம் எழும்பினார். ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை ஜீவராணியின் சட்டியிலிருந்து சாப்பிட்ட எல்லாரும் எழும்பி நிற்க வேண்டும்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கிழவிகள் எழும்பினார்கள், பிறகு பெண்கள், பிறகு பையன்கள். மைதானத்தில் உட்கார்ந்திருக்க ஆளில்லை. நூற்றைம்பது பேர்.

“இதில தொண்டை நோகிற ஆக்கள் இருந்தால் கை உயர்த்துங்கோ.”

ஒரு கையும் உயரவில்லை. பனிக்குள் எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. தாங்கள் எழும்பி நிற்பதன் அர்த்தம் பெண்களுக்கு முதலில் விளங்கியது. ஒருத்தி பக்கத்தவளின் தோளைத் தொட்டாள். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் பெண்சாதிமார் ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சட்டிக்கறியில் ஒரு குற்றமும் இல்லை என்று குணரத்தினம் நிதானமாகச் சொன்னார். இந்தப் புழு கொதித்த கறியில் உயிரோடு இராது. வேகாத இறைச்சியை வேறு எங்கேயோ தின்றவர்களுக்குத்தான் இது வந்திருக்கிறது. எங்கே, எப்போது என்று அவர் கேட்கப் போவதில்லை. “ஆனா டொக்டர் ஒரு கதை சொல்லி விட்டவா. இன்னும் ஒருத்தருக்கு இந்தப் புழு இருக்கு. மறைச்சு வைச்சால் மூச்சு அடைச்சிடும். என்ர த்ரீவீலர் ரோட்டடியில நிக்குது. நான் ஆரெண்டு கேக்க மாட்டன். வந்து ஏறினாச் சரி.”

பொன்னையா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு இழுக்கிற சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. துவாயை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இருமல் அவரைக் கதிரையோடு சேர்த்து ஆட்டியது. மகன் தண்ணீர் கொண்டு ஓடிவந்தான், ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் எழும்பி நின்றார். எந்தப் பக்கம் போவார் என்று வினோதா பார்த்தாள். வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி ஊரைப் பார்த்தார்.

“சாமிக்கு உள்ளதை நாங்க தின்னுட்டோம்.” குரல் கிழிந்து வந்தது. “ஏழு பேரு. நாந்தான் மொத ஆளு. அந்தப் புள்ள மேல பழி இல்ல. பயத்துல சொன்னேன்.”

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மகன் தோளைப் பிடிக்க, ரோட்டுப் பக்கம் நடந்தார். சாமி குற்றம் என்று ஓர் ஆம்பிளைக் குரல் பின்னாலிருந்து கிளம்பியது. குற்றத்துக்கு வேண்டியதைப் பிறகு செய்வோம், முதலில் மனுசன் மூச்சு விடட்டும் என்று பூசாரி இராமையா அதட்டினார்.

ஆனால் ஜீவராணி நின்ற இடத்தில் அப்படியேதான் நின்றாள். அவளைச் சுற்றி அந்தக் காலி இடமும் அப்படியே இருந்தது. தப்பாகப் பேசிவிட்டோம் என்று தெரிகிறது, ஆனால் யார் முதலில் கிட்டப் போவது? இப்படியே கலைந்து போய்விட்டால் நாளைக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று வினோதாவுக்குத் தோன்றியது.

தலைவர் வீட்டுப் பெண்கள் நின்ற பக்கமிருந்து பிரேமினி வந்தாள். மாமனார் போன திசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அந்த வெற்றிடத்துக்குள் நடந்து, இடுப்பிலிருந்த பையனை ஜீவராணியின் கைக்கு மாற்றினாள். அவன் பழகிய இடமென்று தோளில் சாய்ந்துகொண்டான்.

“அக்கா, நாளைக்கு இவனுக்கு முட்டை குடுத்துறாதீங்க. ராவுலருந்து வயிறு சரியில்ல.”

ஜீவராணி பையனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“கஞ்சி வச்சுக் குடுக்கிறேன்” என்றாள்.